மூன்று ஞாயிறும் வாசிக்காத பெயர்

மகன், இதைக் காரை ஓரமாக நிறுத்தி வைத்துக்கொண்டு படிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு முடித்து, ஒரு கதிரையில் இருந்து படி. நாலு வார்த்தையில் முடிகிற விஷயமென்றால் நேற்றைக்கு முதல் ஞாயிறு நீ தொலைபேசி எடுத்தபோதே சொல்லியிருப்பேன். எழுபத்துநாலு வயதில் மூக்குக்கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தால்தான் ஒரு வரி எழுத வருகிறது. அப்படியிருந்தும் பேனையை எடுத்திருக்கிறேன் என்றால், உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "அப்பா ஒரு கடுதாசி போடுறன், அது வந்து சேரும் வரைக்கும் அந்த ஆக்களுக்குப் பதில் சொல்லாதை" என்று நான் சொன்னதற்கு நீ சிரித்தாய். "இந்தக் காலத்தில ஆர் அப்பா கடுதாசி போடுறது" என்றாய். நான் சிரிக்கவில்லை என்பது உனக்கு அங்கே கேட்டிருக்காது.

அன்றைக்கு முதலில் பேத்தி ஜெசிதான் கதைத்தாள். பாதி தமிழும் பாதி இங்கிலிசுமாக, "அப்பப்பா, என்னைப் பெரிய டீம்காரர் கேட்டவை" என்றாள். அந்தப் பிள்ளையின் விளையாட்டை நீ அனுப்பும் வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். முட்டை வடிவத்தில் ஒரு பந்து, இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பம், காலாலும் அடிக்கலாம், கையால் குத்தியும் கொடுக்கலாம். ஒருத்தியின் முதுகில் மற்றவள் முழங்காலை ஊன்றி ஏறிப் பந்தைப் பிடித்தால் அதற்குக் கைதட்டுகிறார்கள். எங்கள் ஊரில் அப்படிச் செய்திருந்தால் மைதானத்திலேயே அடிபாடு தொடங்கியிருக்கும். ஐம்பது வருடம் பந்தோடு கிடந்தவனுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை என்றாலும் ஒன்று தெரிந்தது: அவள் இடது காலால் அடிக்கிறாள். பந்து வருவதற்கு முன்பே உடம்பைத் திருப்பி வைத்திருக்கிறாள். அந்தத் திருப்பம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பிறகு நீ வாங்கிக் கதைத்தாய். போட்டிகள் முடிந்து இப்போது ஓய்வு காலமாம், ஒவ்வொரு கழகமும் அடுத்த வருடத்துக்கு மற்றக் கழகத்துப் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு திரிகிறதாம், மூன்றாம் பிரிவில் விளையாடுகிற ஜெசியை முதலாம் பிரிவுக்காரர் கேட்டிருக்கிறார்களாம். சொல்லிவிட்டு, அவள் அறைக்குள் போனதும் குரலைக் குறைத்துக்கொண்டாய். "அவளுக்கு இன்னும் தரம் போதாது, காணாது அப்பா. அங்க போய் விளையாடக் கிடைக்காமல் வாங்கிலை குந்தியிருந்து அழப்போறாள். அந்தச் சீவியம் எனக்குத் தெரியுந்தானே. நான் வேண்டாமெண்டு சொல்லிவிடப் போறன்" என்றாய். "காணாது" என்று நீ சொன்ன அந்தச் சொல் என் சொல், மகன். இருபது வருடத்துக்கு மேலாக நீ அதைக் கொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடலைக் கடந்து கொண்டுபோய் உன் பிள்ளையின் தலையிலும் வைக்கப் போகிறாய் என்று நான் நினைக்கவே இல்லை. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

இனிச் சொல்கிறேன். சமாதான காலம் உனக்கு நினைவிருக்கும், உனக்குப் பத்தொன்பது வயது. இடம்பெயர்ந்து போன சனம் திரும்பி வந்து, எல்லா ஊரிலும் கழகங்கள் மறுபடி உயிர் பிடித்த நேரம். எங்கள் மைதானத்தில் கழுதைகளைக் கலைத்துவிட்டுத்தான் விளையாட வேண்டும். பனங்குற்றியில் கோல் கம்பம், பழைய மீன் வலையில் கோல் வலை. படிப்பு எட்டாம் வகுப்பென்றாலும் எழுத்து அழகு என்று என்னைக் கழகச் செயலாளராக்கி வைத்திருந்தார்கள். அந்த மாரியில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, மாவட்ட லீக்கில் ஒரு முடிவெடுத்தார்கள்: அடுத்த வருடத்திலிருந்து கழகங்களை ஏ தரம், பி தரம் என்று இரண்டாகப் பிரிப்பது. எங்கள் கழகம் இரண்டுக்கும் நடுக்கரையில் நின்றது. ஒரு நல்ல விளையாட்டுக்காரன் கூடினால் ஏ, ஒருவன் குறைந்தால் பி. ஊரில் வேறு கதையே இல்லை. வலை பிரிக்கிற இடத்திலும் அதுதான், செத்தவீட்டிலும் அதுதான்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை நீ மறந்திருக்க மாட்டாய். முன்பு ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து ஊர் அணிக்குப் போய், அதனால் இரண்டு ஊருக்கும் வெட்டுக்குத்து வந்தபோது, அப்போதிருந்த பங்குச் சுவாமி ஒரு ஒழுங்கு வைத்தார். வேறு ஊர்க் கழகத்துக்குப் போகிறவனுடைய பெயரை, கலியாணம் கட்டப்போகிறவர்களின் பெயரைச் சுவாமி வாசிப்பது போல, மூன்று ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் செயலாளர் வாசிக்க வேண்டும். "இன்னாருடைய மகன் இன்னார், இந்தக் கழகத்தை விட்டு அந்தக் கழகத்துக்குப் போகப்போறார். ஆருக்கும் மறுப்பு இருக்கோ?" என்று கேட்க வேண்டும். ஊரில் யாராவது ஒருவர் "மறுப்பு இல்லை, போகட்டும்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் ஞாயிறு அப்படிச் சொன்ன பிறகுதான் செயலாளர் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்து வைப்பார். நல்ல வழக்கம். சண்டை வரவில்லை. கெடுத்தவன் நான்தான்.

உன் முறை வருவதற்கு முதல் வருடம் சந்தியோகுவின் மகனைப் பட்டணத்துக் கழகம் கேட்டது. சந்தியோகுவும் நானும் ஒரே வள்ளத்தில் பதினாறு வருடம் தொழிலுக்குப் போனவர்கள். முதல் இரண்டு ஞாயிறும் ஒழுங்காக வாசித்தேன். மூன்றாம் ஞாயிறு வாசித்து முடித்துவிட்டு, தாளை மடித்தவன் வாயையும் மடித்திருக்கலாம். "ஊர்ச் சோத்தைத் திண்டு வளந்துபோட்டு வேற ஆக்களுக்குப் பந்தடிக்கப் போறான். இவனைப் பெத்ததைவிடத் தகப்பன் ஒரு நாய்க்குட்டியை வளத்திருக்கலாம்" என்றேன். பூசைக்கு வந்த அத்தனை சனமும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். சந்தியோகு முன்னுக்கு வந்தான். "மறுப்பு இல்லை, போகட்டும்" என்று தானே சொல்லிவிட்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போனான். அடுத்த நாள் விடிய நான் கரைக்குப் போனபோது அவன் வேறு வள்ளத்தில் ஏறியிருந்தான். அப்போதும் எனக்குப் பெருமைதான். ஊர் மானத்தைக் காத்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாரியில், தரம் பிரிக்க முடிவெடுத்த அந்த மாரியில், மகன், அதே பட்டணத்துக் கழகத்துப் பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நீ அம்மாவோடு பெரியமடுவில் மாமா வீட்டு வயல் விதைப்புக்குப் போயிருந்தாய். மழையில் நனைந்து, மோட்டார் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, சட்டைக்குள்ளே பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். விடுவிப்புக் கடிதம். எல்லாம் எழுதி அவர்கள் பக்கத்துக் கையெழுத்தும் வைத்து, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. "உங்கட மகனை எங்களுக்குத் தாங்கோ அண்ணை. இடது காலால அப்பிடி அடிக்கிற பெடியனை நான் இந்த மாவட்டத்தில காணேல்லை. ஏ தரத்தில ஒரு வருசம் விளையாடினானெண்டால் கொழும்பில இருந்து ஆக்கள் வந்து பாப்பினம். நான் பொறுப்பு" என்றார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். "பெடியனைக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன். அவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "அவன் ஓம் எண்டுவான், எனக்குத் தெரியும்" என்று சிரித்தார்.

உன்னைக் கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. ஊர் பி தரத்துக்கு இறங்கிவிடும் என்று பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். கோயில் வாசலில் நின்று மூன்று ஞாயிறு உன் பெயரை வாசிக்க வேண்டும், சந்தியோகு முன்னால் நிற்பான், நான் அவன் பிள்ளையைச் சொன்ன சொல் அத்தனை பேர் காதிலும் இருக்கும். அந்த வெட்கத்தைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தாளை மடித்து அலுமாரியில் கோயில் உடுப்புக்கு அடியில் வைத்தேன். அடுத்த கிழமை சைக்கிளில் பட்டணம் போய், "அவன் வரமாட்டானாம் சேர். உங்கட கழகத்துக்கு வாறதிலை தனக்கு விருப்பமில்லையாம்" என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். அவருடைய முகம் விழுந்தது. நீ வந்து, அவர் வந்து போனதை யாரோ சொல்லக் கேட்டு, "அப்பா, மாஸ்டர் வந்தவராம், என்ன சொன்னவர்?" என்று ஓடிவந்தாய். உன் காலில் வயல் சேறு காயவில்லை. நான் வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "பாத்தவையாம். உன்ர தரம் காணாதாம்."

நீ ஏன், எதில் காணாது, யார் சொன்னது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். நீ தகப்பனை நம்புகிற பிள்ளை. "சரி அப்பா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினாய். வெகு நேரம் கழுவினாய். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

அந்த வருட விளையாட்டை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பந்து உன் காலுக்கு வந்த உடனேயே மற்றவனிடம் தள்ளிவிட்டாய். கோல் திறந்து கிடக்கும், நீ அடிக்க மாட்டாய். தாழ்வுபாட்டு ஊர்க்காரரோடு விளையாடிய அன்று, உன் இடது காலுக்கு முன்னால் பந்து நின்றது, கோல் காப்பாளன் விழுந்து கிடந்தான், நீ திரும்பிப் பார்த்து இன்னொருவனைத் தேடினாய். கரையில் நின்ற சனம் உன்னை ஏசியது. நானும் ஏசினேன், மகன். "அடியடா" என்று என் தொண்டை கிழியக் கத்தினேன். உன் காலை முறித்தவனே நின்று அடிக்கச் சொல்லிக் கத்தினேன். எங்கள் கழகம் எப்படியும் பி தரத்துக்குத்தான் இறங்கியது. அடுத்த மாரியில் உன் சப்பாத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு, இனி விளையாடவில்லை என்றாய். ஊரில் ஒருவரும் மறிக்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். ஒருநாள் பட்டண பஸ் நிலையத்தில் நாங்கள் இருவரும் நின்றபோது அந்தப் பயிற்சியாளர் எதிரே வந்தார். நீ மரியாதையாகத் தலையசைத்தாய். அவர் உன்னைக் கண்டும் காணாதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். "பாத்தீங்களா அப்பா, தெரியாத மாதிரிப் போறார். நான் அவ்வளவு மோசமா?" என்று கேட்டாய். தன்னை வேண்டாமென்று சொன்ன திமிர் பிடித்த பெடியன் என்று அவர் உன்னை நினைத்தார். அவர் உன்னை வேண்டாமென்று சொன்னார் என்று நீ நினைத்தாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கச்சான் கடலைச் சரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். அவர் பத்தடி தூரத்தில்தான் போனார். "பஸ் வருது, ஏறு" என்றேன்.

பிறகு மறுபடி சண்டை வந்தது, ஓட்டம், முகாம், அதற்குப் பிறகு உன் கலியாணம், மெல்பேர்ன். பந்தைப் பற்றிக் கதைக்க ஒருவருக்கும் நேரமில்லாத வருடங்கள், அவை எனக்கு வசதியாக இருந்தன. அலுமாரி போனது, வீட்டுக் கூரை போனது, அந்தத் தாள் போகவில்லை. ஞானஸ்நானச் சீட்டுகளோடு அம்மாவின் கைப்பையில் அது ஊர் ஊராக வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசிக் கிழமைதான் எனக்கு அது தெரிந்தது. "இஞ்சாருங்கோ, அந்தக் கடுதாசியை எரிச்சுப்போடாதேங்கோ. அவனிட்டை நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னால் அவன் உங்களை விட்டுப்போவான், அதுதான் சொல்லேல்லை" என்றாள். எத்தனை வருடம் தெரியும் என்று கேட்டேன். "அந்த மாரியிலேயே, கோயில் உடுப்பு எடுக்கேக்க கண்டனான்" என்றாள். அத்தனை வருடமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, உன் முகத்தையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளை அடக்கம் செய்த அன்று நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிற உன் அழைப்பு ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருந்தது, அதை இழக்கப் பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஜெசிக்குத் தரம் காணுமோ காணாதோ எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் அவளே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். வாங்கில் இருந்து அழுதால் அழட்டும், அது அவள் அழுகிற அழுகை. பிள்ளையிடம் வந்த கேள்விக்குப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும், தகப்பன் வாய் அதற்குள் போகக் கூடாது. வாங்கில் இருந்து அழுகிற சீவியம் தெரியும் என்றாய். உனக்கு அது தெரியாது, மகன். நீ அந்த வாங்குவரை போகவே இல்லை. உன்னைப் போக விடவில்லை. நீ உன் பிள்ளைக்குப் பாசத்தில் செய்கிறாய், நான் வெட்கத்தில் செய்தேன், ஆனால் கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் கேட்கும்.

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்குமுன் சந்தியோகு வீட்டுக்குப் போனேன். அவனுக்கும் கண் சரியில்லை, குரலை வைத்துத்தான் என்னைப் பிடித்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பிள்ளையை அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு மன்னிப்பும் கேட்டேன். அவன், "என்னட்டை ஏன் சொல்லுறாய்? என்ர பெடியன் போய் விளையாடிப்போட்டான். உன்ர பெடியனிட்டைச் சொல்லு" என்றான். சொல்லத்தான் போகிறேன், அதற்கு முதல் ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்றேன். என்ன வேலை என்று சொன்னதும், "உனக்கு விசரோ" என்றான். பிறகு, "எந்த ஞாயிறு?" என்று கேட்டான்.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் போய் நின்றேன். அந்த வழக்கம் விட்டுப்போய் எத்தனையோ வருடம், இப்போதிருக்கிற இளம் பெடியளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. கிழவன் ஏதோ காணிப் பிரச்சினை சொல்லப்போகிறான் என்று சிலர் நின்றார்கள், சுவாமி பூசை உடுப்பைக் கழற்றாமலே வெளியே வந்து பார்த்தார். பொலித்தீனிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். என் பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகன் என்று உன் பெயரைச் சொல்லி, இந்தக் கழகத்தை விட்டுப் பட்டணத்துக் கழகத்துக்குப் போகப்போகிறார் என்று வாசித்தேன். உன் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். "ஆருக்கும் மறுப்பு இருக்கோ?" என்று கேட்டேன். சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. படிக்குக் கீழே பொல்லை ஊன்றிக்கொண்டு நின்ற சந்தியோகு, கண் தெரியாத முகத்தை என் பக்கம் திருப்பி, "மறுப்பு இல்லை, போகட்டும்" என்றான்.

அந்தத் தாளை இதற்குள் வைத்திருக்கிறேன். மூன்றாம் ஞாயிறு முடிந்துதான் கையெழுத்து வைக்க வேண்டும், எனக்கு அதுவரை பொறுமையில்லை, இன்று காலை வைத்துவிட்டேன். பழைய எழுத்து இல்லை, ஆனாலும் என் கையெழுத்துத்தான். மேலே பயிற்சியாளர் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறார், அதை இரண்டு தரம் படி. இன்னும் இரண்டு ஞாயிறு தாள் இல்லாமலே வாசிப்பேன், எனக்கு மனப்பாடம். மூன்றாம் ஞாயிறு பின்னேரம் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். நீ எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அதற்காக உன்னோடு கோபிக்க மாட்டேன். ஜெசியைப் போகவிடு, மகன்.

அப்பா